டீச்சருக்கு ட்ரெயினிங் எங்க நடக்கணும்?

"ட்ரெயினிங்கே வேணாம் டீச்சர், எங்களைப் பாடம் நடத்த விட்டாலே போதும்." வருஷா வருஷம் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த கையோட இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். இன்னொரு பக்கம் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க. "பி.எட். படிச்சு, டெட்னு தகுதித் தேர்வும் எழுதித்தானே வேலைக்கு வந்தீங்க, அப்புறமும் எதுக்கு ட்ரெயினிங் ட்ரெயினிங்னு ஓடுறீங்க, புள்ளைங்க படிப்பு கெடாதா?"னு கேப்பாங்க. முத ஆளு எங்க கூட வேலை பாக்குறவங்க, ரெண்டாவது ஆளு எங்க மேல நம்பிக்கை குறைஞ்சவங்க, ஆனா ரெண்டு பேரும் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். எனக்கு ரெண்டு பேச்சுமே ஒத்துக்கல. நான் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில ஆறு ஏழு எட்டுக்கு கணக்கு எடுக்கிறேன். எனக்கு கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு, சர்வீஸ் ஏற ஏற அது அதிகமாதான் ஆகுது. எட்டாம் வகுப்புப் பாடத்துல உள்ள கணக்கு எனக்குத் தெரியும். ஆனா என் முன்னாடி உக்காந்திருக்க அந்தப் பையன் அதை ஏன் அப்படிப் புரிஞ்சிக்கிட்டான்ங்கிறது எந்த பி.எட். காலேஜும் எனக்கு சொல்லித் தந்து முடிச்ச விஷயம் கிடையாது. அதனால ட்ரெயினிங் வேணும். அது எங்க, எப்படி நடக்கணும்ங்கிறதுதான் ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துது, அதை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

இதைப் படிக்கிற டீச்சருங்களுக்கு பயிற்சி ஹால் எப்படி இருக்கும்னு நான் விவரிக்கத் தேவையில்ல. காலையில கையெழுத்து, குழுவாப் பிரியுறது, சார்ட்டு, ஸ்கெட்ச் பேனா, குழுவுக்கு ஒருத்தர் எழுந்து படிக்கிறது, மத்தியானம் சாப்பாடு, அதுக்கப்புறம் ஒரு பிபிடி, குரூப்புல போட போட்டோ, கடைசியில ஒரு லிங்க். பயிற்சி நடத்துற கருத்தாளரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவங்களும் நம்மள மாதிரி ஒரு டீச்சர்தான், போன வாரம் மாவட்டத்துல அவங்களுக்கு சொன்னதை இந்த வாரம் ஒன்றியத்துல நமக்கு சொல்றாங்க. மாவட்டத்துல சொன்னவங்களுக்கு அதுக்கு முந்தி மாநில அளவுல சொன்னாங்க. மேட்டூர்ல திறந்து விட்ட தண்ணி கடைமடைக்கு வந்து சேருற கதைதான் இது. மேல கட்டகம்ங்கிற பயிற்சிக் கையேட்டை எழுதுனவங்க மனசுல இருந்த கேள்வி கீழ வரும்போது காணாமப் போயிடுது, கேள்விக்கு எழுதுன பதில் மட்டும் வந்து சேருது. நாம கேள்வியே கேக்காம பதிலை மட்டும் நோட்டுல எழுதிட்டு வர்றோம். சாயங்காலம் பீட்பேக் கேட்டா "மிகவும் பயனுள்ளதாக இருந்தது"னு எழுதிட்டு பஸ்ஸுக்கு கிளம்பிடுறோம், ஏன்னா ஹால்ல நடந்ததுல தப்புனு சொல்ல எதுவும் இருக்காது. அங்க சொன்ன ஒவ்வொண்ணும் சரியாத்தான் இருக்கும்.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பாத்தா இந்த ஏற்பாடு ஒரே நாள்ல வந்தது இல்ல, நல்ல எண்ணத்தோட வந்ததுதான். நாட்டோட கல்வியைப் பத்தி ஆராய்ஞ்ச 1964-66 கோத்தாரி கமிஷனே சொல்லியிருக்கு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் அஞ்சு வருஷ சர்வீஸுக்கு ரெண்டு மூணு மாசம் பணியிடைப் பயிற்சி கிடைக்கணும்னு. பக்கத்து பக்கத்து பள்ளிக்கூடங்க ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்கிற மாதிரி பள்ளி வளாகம்னு ஒரு ஏற்பாட்டையும் அந்தக் கமிஷன்தான் சொன்னுச்சு. 1986 தேசிய கல்விக் கொள்கைக்கு அப்புறம் மாவட்டத்துக்கு மாவட்டம் டயட்ங்கிற ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வந்துச்சு. 1994-ல டி.பி.இ.பி.ங்கிற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப ஒன்றிய அளவுல வட்டார வள மையம், பக்கத்து பக்கத்து பள்ளிகளுக்கு குறுவள மையம்ங்கிற அமைப்பெல்லாம் உருவாச்சு, அதுக்கு அப்புறம் வந்த எஸ்.எஸ்.ஏ.ங்கிற அனைவருக்கும் கல்வி இயக்கம் ஒரு ஆசிரியருக்கு வருஷத்துக்கு 20 நாள் பயிற்சின்னு கணக்கு வச்சுச்சு. 2019-ல மத்திய அரசோட நிஷ்தா திட்டம், நாடு முழுக்க 42 லட்சம் ஆசிரியருக்கு பயிற்சி கொடுக்கணும்னு ஆரம்பிச்சு, கொரோனா வந்ததும் திக்‌ஷாங்கிற அரசு இணையதளம் மூலமா ஆன்லைனுக்கு மாறுச்சு. 2020 கல்விக் கொள்கை வருஷத்துக்கு குறைஞ்சது 50 மணி நேரம்னு சொல்லுது. கவனிச்சுப் பாருங்க, மாசம், நாள், மணி நேரம். அறுபது வருஷமா எவ்வளவு நேரம் உக்கார வைக்கணும்னுதான் கணக்கு போட்டிருக்கோம். அந்த நேரத்துல டீச்சர் எதைப் பாத்தாங்க, யாரோட வகுப்பைப் பாத்தாங்க, எந்தப் புள்ளையோட நோட்டைப் பாத்தாங்கங்கிறதுக்கு ஒரு கட்டம் கூட எந்தப் படிவத்துலயும் நான் பாத்ததில்ல.

ஏபிஎல்னு சொல்ற செயல்வழிக் கற்றல் வந்த கதையில மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கு. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல அப்ப கமிஷனரா இருந்த எம்.பி. விஜயகுமார் அதைத் தொடங்கினப்ப, டீச்சருங்கள ஆந்திராவுல இருக்க ரிஷிவேலி பள்ளிக்கே கூட்டிட்டுப் போனாங்க. அங்க பல வகுப்புப் புள்ளைங்க ஒரே அறையில உக்காந்து அட்டையை எடுத்து தானா படிக்கிறதை கண்ணால பாத்துட்டு வந்துதான் இங்க அட்டை தயாரிக்க உக்காந்தாங்க. 2007-08-ல மாநிலம் முழுக்க வந்தப்ப எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கல. எந்த அட்டைக்கு அப்புறம் எந்த அட்டைன்னு காட்டுற கற்றல் ஏணி வந்துச்சு, புள்ளைங்க செஞ்சதைத் தொங்க விடுற கம்பிப் பந்தல் வந்துச்சு, சுவத்துல கீழ்மட்டக் கரும்பலகை வந்துச்சு, ஆனா அது நல்லா ஓடுற ஒரு வகுப்பை உள்ள உக்காந்து முழுசாப் பாத்த டீச்சர் எத்தனை பேரு? ஏபிஎல் சரியா தப்பாங்கிற சண்டைக்கு நான் போகல. பாத்துட்டு வந்தவங்களும் கேட்டுட்டு வந்தவங்களும் அதை நடத்துன விதம் வேற வேறயா இருந்துச்சுங்கிறதை மட்டும் என்னால உறுதியா சொல்ல முடியும், ரெண்டு மாதிரியான டீச்சருங்களோடவும் நான் வேலை பாத்திருக்கேன்.

402-லேருந்து 167

இப்ப என்னை மாத்துன அந்த விஷயத்துக்கு வர்றேன். ஆறாம் வகுப்புக்கு வர்ற புள்ளைங்கள்ல ஒரு பகுதிக்கு கழித்தல் வராது. இது எல்லா பள்ளிக்கூடத்துலயும் உள்ளதுதான், யாருக்கும் புதுசு இல்ல. நடுவுல சைபர் வந்துட்டா இன்னும் மோசம். எங்க நாலாம் வகுப்பு டீச்சர், என்னை விட சின்னவங்க, நல்லா உழைக்கிறவங்க, அவங்களும் இதையேதான் சொல்லி வருத்தப்படுவாங்க, "அக்கா, எவ்வளவு தடவை போட்டாலும் மறுநாள் மறந்துடுதுங்க"ன்னு. அப்ப வட்டார வள மையத்துலேருந்து எங்க பள்ளிக்கு வந்துட்டிருந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருத்தர், வழக்கமா வந்தா பதிவேடு பாத்து, போன்ல ஆப்புல கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் போட்டுட்டு அடுத்த பள்ளிக்கு கிளம்பணும், அவருக்கு நேரம் அவ்வளவுதான். அன்னிக்கு அவரு போனைப் பையில வச்சுட்டு, "நாலாம் வகுப்புல ஒரு பீரியட் உக்காந்துக்கவா, நீங்களும் வாங்களேன் டீச்சர்"னு என்னையும் கூப்பிட்டாரு. எனக்கு அது ஓய்வு பீரியட். போனேன்.

போர்டுல 402 − 167 எழுதியிருந்துச்சு. விடை 235. புள்ளைங்க போட்டு முடிச்சதும் சார் நோட்டுகளை வாங்கிப் பாத்தாரு. திருத்தல, டிக் போடல, ரைட்டு ராங்குனு எதுவும் சொல்லல, தப்பா இருந்த நோட்டை மட்டும் மூணு அடுக்கா பிரிச்சு தரையில வச்சாரு. ஒரு அடுக்குல எல்லாம் 365. இன்னொண்ணுல 245. இன்னொண்ணுல 145. நானும் இத்தனை வருஷம் கணக்கு நோட்டு திருத்துறேன், இது மூணையும் ஒரே சிவப்பு மையில சுழிச்சிட்டுப் போற தப்பாத்தான் எல்லாரும் பாப்போம். அவரு 365 போட்ட ஒரு பொண்ணு பக்கத்துல போய் தரையில உக்காந்து, "கண்ணு, இதை எப்படிப் போட்டே, எனக்கு சொல்லித் தர்றியா?"ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு கொஞ்சம் கூட பயப்படாம சொன்னா. "ரெண்டும் ஏழும் இருக்கு சார். பெருசுலேருந்துதான் சின்னதை எடுக்கணும். ஏழுல ரெண்டு போனா அஞ்சு. இங்க சைபரும் ஆறும். ஆறுதான் பெருசு. ஆறுல சைபர் போனா ஆறு. நாலுல ஒண்ணு போனா மூணு." "பெருசுலேருந்துதான் சின்னதை எடுக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?" "ஒண்ணாப்புலயே சொல்லிக் குடுத்தாங்க சார்."

நானும் அந்த டீச்சரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அந்தப் பொண்ணு எதையும் மறக்கல. ஒண்ணாம் வகுப்புல சொன்ன விதியை நாலாம் வகுப்பு வரைக்கும் பத்திரமா வச்சிருந்து, ஒரு இலக்கம் விடாம, ஒழுங்கா, நேர்மையா கடைப்பிடிச்சிருக்கா. தமிழ்நாட்டுல எந்த ஒண்ணாம் வகுப்புக்குப் போனாலும் அந்த வாக்கியத்தைக் கேக்கலாம், "பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கணும்". ஒரு இலக்கம் இருக்க வரைக்கும் அதுல எந்தப் பிரச்சனையும் இல்ல, அஞ்சுல மூணு, எட்டுல ரெண்டு. ரெண்டு இலக்கம், மூணு இலக்கம் வரும்போது அந்த விதி மொத்த எண்ணுக்குத்தான், ஒவ்வொரு இலக்கத்துக்கும் இல்லன்னு யாரும் புள்ளைக்கு தனியா சொல்றதில்ல, நமக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாவே தோணாது.

245 போட்ட பையன்கிட்ட கேட்டா அவனுக்கு கடன் வாங்கத் தெரியுது. நூறுலேருந்து ஒண்ணை வாங்கி சைபரை பத்து ஆக்கிட்டான், அங்கேருந்து ஒண்ணோட இடத்துக்கும் கடன் கொடுத்து ரெண்டை பன்னெண்டு ஆக்கிட்டான், ஆனா கொடுத்த பிறகு பத்து ஒம்பது ஆகணும்ங்கிறது விட்டுப் போச்சு. 145 போட்டவன் வேற. அவன் ஒண்ணோட இடத்துக்கு நேரா நூறுகிட்டயே போய் வாங்கிட்டான், பத்தோட இடத்துக்கு மறுபடியும் நூறுகிட்ட வாங்கிட்டான், நாலு ரெண்டாயிடுச்சு. மூணு புள்ளைக்கும் மூணு வேற வேற வைத்தியம் வேணும். மூணு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு "கடன் வாங்கிக் கழித்தல் இன்னொரு தடவை பாக்கலாம்"னு போர்டுல போட்டா, 365 போட்ட பொண்ணுக்கு கடனே எதுக்குனு விளங்காது, 245 போட்ட பையன் எனக்குத்தான் தெரியுமேன்னு வேடிக்கை பாப்பான்.

அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, 1978-லயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல புள்ளைங்களோட இந்த மாதிரி தப்புகளைப் பத்தி எழுதியிருக்காங்க. புள்ளைங்க கவனக்குறைவா கண்டபடி தப்பு பண்றதா நாம நினைக்கிற பல இடத்துல, அவங்க ஒரு முறையை மாறாம பின்பத்துறாங்க, அந்த முறையில ஒரு கோளாறு இருக்குனு. லீ ஷுல்மன் 1986-ல சொன்னதும் இதோட சேர்ந்ததுதான். பாடம் தெரியுறது ஒரு அறிவு, பொதுவா வகுப்பு நடத்தத் தெரியுறது ஒரு அறிவு, இந்தப் பாடத்துல புள்ளைங்க எங்க தடுக்கி விழுவாங்க, எந்த உதாரணம் அவங்களைத் தூக்கி விடும்னு தெரியுறது தனியா ஒரு அறிவுன்னாரு. இந்தப் பேரெல்லாம் ஏதாவது ஒரு பயிற்சி பிபிடியில எங்கயோ வந்துதான் இருக்கும். ஆனா அந்தப் பொண்ணு தன் வாயால சொன்னதைக் கேட்ட பிறகு அதைப் படிச்சப்பதான் எனக்கு ஒவ்வொரு வரியும் உள்ள இறங்குச்சு.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு நாங்க நாலு பேரு உக்காந்தோம், ஒண்ணு ரெண்டு எடுக்கிற டீச்சரையும் கூப்பிட்டோம். அவங்க மேல யாரும் பழி போடல, போடவும் கூடாது, எல்லா ஊர்லயும் சொல்ற வாக்கியம்தான் அது. அவங்களே சொன்னாங்க, இனிமே "பெருசுலேருந்து சின்னது"னு சொல்றதுக்குப் பதிலா "மேல இருக்கிறது நம்மகிட்ட இருக்கிறது, கீழ இருக்கிறது குடுக்க வேண்டியது"ன்னு சொல்லிப் பாக்குறேன்னு. நாலாம் வகுப்பு டீச்சர் மறுநாள் பேப்பர்ல நூறு ரூபா, பத்து ரூபா, ஒரு ரூபா வெட்டிட்டு வந்தாங்க. நாலு நூறு, பத்து ரூபா நோட்டே இல்ல, ரெண்டு ஒத்த ரூபா. கடைக்காரருக்கு 167 குடுக்கணும். ஒரு நூறை பத்து பத்தா மாத்தினாதான் வழி, அதுல ஒரு பத்தை சில்லறையா மாத்தினா மிச்சம் ஒம்பது பத்து. 245 போட்ட பையன் நோட்டை எண்ணிட்டு "டீச்சர், இங்க ஒம்பதுதான் இருக்கு"ன்னு அவனாவே சொன்னான். அது எங்க கட்டகத்துலயும் உள்ள செயல்பாடுதான், புதுசா நாங்க கண்டுபிடிச்சது இல்ல. எந்தப் புள்ளைக்கு அது எதுக்குத் தேவைன்னு தெரிஞ்சு பண்ணுனோம், அவ்வளவுதான் அன்னிக்கு கூடுதலா இருந்துச்சு.

வகுப்புல பின்னாடி ஒருத்தர் உக்காந்தா

இதை மத்த பள்ளி டீச்சருங்ககிட்ட சொன்னா முதல்ல வர்ற பதில், "நம்ம வகுப்புல இன்னொருத்தர் வந்து உக்காரவா?" அந்த பயம் எனக்கு நல்லாவே புரியுது. நம்ம சர்வீஸ்ல வகுப்புக்குப் பின்னாடி ஒருத்தர் வந்து உக்காந்தாருன்னா அது இன்ஸ்பெக்‌ஷன். பாடக்குறிப்பு எங்க, பதிவேடு எங்க, அந்தப் பையன் ஏன் படிக்கல. கடைசியில விளக்கம் எழுதிக் குடுங்க. அப்படியே பழகிப் போன ஒருத்தர்கிட்ட போய் "உங்க வகுப்பைப் பாத்து கத்துக்கலாமா"ன்னு கேட்டா சந்தேகம் வரத்தான் செய்யும். அன்னிக்கு அந்த சார் பண்ணதுல பெரிய விஷயம்னு நான் நினைக்கிறது, அவரு டீச்சரைப் பாக்கவே இல்ல. ஒரு பீரியட் முழுக்க புள்ளைங்களை மட்டும்தான் பாத்தாரு. பின்னாடி உக்காந்திருக்கவங்க பார்வை புள்ளைங்க நோட்டு மேல இருந்தா, முன்னாடி நிக்கிற டீச்சரும் கொஞ்ச நேரத்துல பயத்தை விட்டுட்டு நோட்டைப் பாக்க வந்துடுவாங்க, நான் நேர்ல பாத்தேன்.

ஜப்பான்ல இதை ஒரு பழக்கமாவே வச்சிருக்காங்க, ஜுக்யோ கென்க்யூனு பேரு, மெய்ஜி காலத்துல (1868-1912) வேர் விட்டது. ஒரு பள்ளி டீச்சருங்க சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டம் போடுவாங்க, புள்ளைங்க இந்த இடத்துல என்னென்ன பதில் சொல்லுவாங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சுக்குவாங்க. ஒருத்தர் நடத்துவாங்க, மத்தவங்க சுத்தி நின்னு புள்ளைங்க என்ன பண்றாங்கன்னு குறிச்சுக்குவாங்க, அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசுவாங்க. திட்டம் போட்டது எல்லாரும் சேர்ந்துங்கிறதால பாடம் சரியா போகலன்னாலும் நடத்துன ஒருத்தர் தலையில விழாது. டிம்ஸ்ங்கிற சர்வதேச ஆய்வோட சேர்த்து 1990-கள் நடுவுல ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்காவுல எட்டாம் வகுப்பு கணக்கு வகுப்புகளை வீடியோ எடுத்து ஒப்பிட்டுப் பாத்த பிறகுதான் இந்தப் பழக்கம் மேலை நாடுகள்ல பரவலா பேசப்பட்டுச்சு. நமக்கு ஜப்பான் மாதிரி ஆகணும்னு ஆசை தேவையில்ல. குறுவள மையக் கூட்டத்தோட ஆரம்ப நோக்கமே கிட்டத்தட்ட இதுதானே, பக்கத்து பள்ளி டீச்சருங்க கூடி தங்களோட வகுப்புப் பிரச்சனையைப் பேசுறது. அந்த இடம் ஏற்கனவே நம்மகிட்ட இருக்கு, அங்க மேலேருந்து வர்ற பிபிடி உக்காந்துக்கிச்சு.

புள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரணும்னு தமிழ்நாடு அரசு கொண்டு வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைப் பத்தியும் சொல்லியாகணும். 2022-ல வந்தப்ப ஒண்ணுலேருந்து மூணாம் வகுப்பு வரைக்கும், அப்புறம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்களை நிலை வாரியா பாக்கச் சொன்னது எனக்குப் பிடிச்ச விஷயம், ஏன்னா ஒரே வகுப்புல உள்ள எல்லாரும் ஒரே இடத்துல இல்லன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆனா 365-ம் 245-ம் 145-ம் ஒரே மொட்டுக்குள்ள உக்காந்திருக்கும். நிலையைக் கண்டுபிடிக்க ஆப் உதவும், அந்த நிலைக்குள்ள அந்தப் புள்ளை என்ன நினைச்சுதுன்னு கண்டுபிடிக்க பக்கத்துல உக்காந்து கேக்குற ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு நேரமும் வேணும்.

இப்ப நாங்க பண்றது

அந்த சார் அப்புறம் மாறுதல்ல வேற ஒன்றியத்துக்குப் போயிட்டாரு. நாங்க விடல. எங்க ஹெச்.எம். ஒத்துக்கிட்டதாலதான் இது நடக்குது, அதை நான் நன்றியோட சொல்றேன். மாசத்துக்கு ஒரு வகுப்பு. எந்தப் பாடம், எந்தப் பகுதின்னு நடத்தப் போற டீச்சர்தான் சொல்லுவாங்க, மத்தவங்க சொல்லக் கூடாது. பாக்க வர்றவங்க வகுப்புப் புள்ளைங்களை அந்த ஒரு பீரியட் இன்னொரு டீச்சர் நூலக நேரமா வச்சுப் பாத்துக்குவாங்க. வகுப்பு நடக்கும்போது நாங்க புள்ளைங்க பக்கத்துல உக்காந்து என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதுவோம். டீச்சர் எப்படிப் பேசுனாங்க, போர்டுல கையெழுத்து எப்படின்னு ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே பேசி வச்சுக்கிட்டோம். எங்கள்ல ரொம்ப சீனியரான தமிழய்யா முதல்ல ஒத்துக்கல, "ரிட்டையர் ஆகப் போற நேரத்துல எனக்கு எதுக்கும்மா"ன்னாரு. கொஞ்ச நாள் கழிச்சு அவரே வந்து, ஏழாம் வகுப்புல வாய் விட்டு நல்லா படிக்கிற புள்ளைங்க கூட படிச்ச பத்தியில என்ன இருக்குனு கேட்டா முழிக்கிறாங்க, அதைக் கொஞ்சம் வந்து பாருங்கன்னு கூப்பிட்டாரு. அவரு வகுப்புல நான் கத்துக்கிட்டது என் கணக்கு வகுப்புக்கே உதவுச்சு, வாக்கியக் கணக்குல புள்ளைங்க எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டுறதுக்கு காரணம் பாதி அங்கதான் இருக்கு.

ஈராசிரியர் பள்ளியில இதை எப்படிப் பண்ணுவீங்கன்னு கேப்பீங்க. பண்ண முடியாது, அது நியாயமான கேள்வி. ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு வகுப்பு, அதுல ஒருத்தர் பயிற்சிக்குப் போனாலே மிச்சம் ஒருத்தர் மொத்த பள்ளிக்கூடத்தையும் பாத்துக்கணும். அங்கதான் ஆசிரியர் பயிற்றுநர் வேணும். அவரு வந்து ஒரு பீரியட் ஒரு வகுப்பை எடுத்துக்கிட்டா, அந்த டீச்சர் பக்கத்து வகுப்புல போய் உக்காரலாம். அவங்க அந்த வேலைக்குத்தான் வந்தவங்க, அதுல பலருக்கு அந்த ஆசையும் இருக்கு, எண்ணிக்கை கேட்டு எண்ணிக்கை அனுப்புறதுலயே அவங்க நாள் போயிடுது. அந்த சுமையைக் குறைக்காம என்ன புதுப் பயிற்சி கொண்டு வந்தாலும் அது ஹாலுக்குள்ளயே நின்னுடும்ங்கிறது என் கருத்து.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு 50 மணி நேரம்னு கணக்கு வைக்கப் போறீங்கன்னா, அதுல ஒரு பாதியையாவது பள்ளிக்குள்ள ஒருத்தர் வகுப்பை ஒருத்தர் பாக்குற நேரமா ஏத்துக்கோங்க. அதுக்கு போட்டோ கேக்காதீங்க. வேணும்னா பாத்த மூணு நோட்டோட தப்பையும், அந்தப் புள்ளை அதுக்கு சொன்ன காரணத்தையும் ஒரு பக்கத்துல எழுதித் தரச் சொல்லுங்க, நாங்க எழுதித் தர்றோம், அந்த ஒன்றியத்துல உள்ள எல்லா டீச்சருக்கும் அதைக் கொண்டு போய்ச் சேருங்க. குறுவள மையக் கூட்டத்துல பேச அதுவே போதும்.

அடுத்த மாசம் அஞ்சாம் வகுப்புல வகுத்தல் பாக்கப் போறோம். 612-ஐ 6-ஆல வகுத்தா 12-னு எழுதுற புள்ளைங்க நிறைய பேரு இருக்காங்களாம், அங்கயும் சைபர்தான் காணாமப் போகுது. ஒண்ணாம் வகுப்பு டீச்சரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.